எவரெஸ்ட் ஹெலிகாப்டர் டூர்: அஞ்சு பேரும் ஒரே தடவையில் மேலே போக முடியுமா?

கோவைக்கிளி | மார்ச் 2, இரவு 9.40

காத்மாண்டுவிலிருந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ஹெலிகாப்டர் டூர் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஏஜென்ட் சொல்வது இது: காலை 6.30க்குக் கிளம்பினால் 11 மணிக்குள் திரும்பிவிடலாம். அஞ்சு பேரும் ஒரே ஹெலிகாப்டரில் நேராக பேஸ் கேம்ப் போய் இறங்கலாம், எவரெஸ்ட்டைப் பின்னால் வைத்து போட்டோ எடுக்கலாம், வரும் வழியில் மலை மேல் ஹோட்டலில் டிபன். ஆளுக்கு 1,200 டாலர்.

நாங்கள் அஞ்சு பேர், மொத்த எடை 410 கிலோ. அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. அக்டோபரில் போக எண்ணம். நாலு மணி நேரத்தில் முடிகிற வேலைக்குப் பதினஞ்சு நாள் நடக்கிறவர்களுக்கு என்ன பைத்தியமா?

காத்தாடி | மார்ச் 2, இரவு 11.15

கடைசிக் கேள்விக்கு நம் குழுவில் நடந்தே போகிற 'கால்நடை' வந்து பதில் சொல்வார். நான் எடைக்கு வருகிறேன்.

ஏஜென்ட் சொன்னதில் மூன்று இடம் இடிக்கிறது. அஞ்சு பேரும் ஒரே தடவையில் மேலே போகப் போவதில்லை. டூர் ஹெலிகாப்டர் பேஸ் கேம்பில் இறங்குவதில்லை, அதன் மேல் ஒரு வட்டம் அடித்துவிட்டு, பக்கத்து மேடான காலா பத்தரில் இறங்கும். மூன்றாவது, பேஸ் கேம்பிலேயே இறங்கினாலும் அங்கிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. மேற்குத் தோள் மறைத்துவிடும்.

இந்த வழியில் பறப்பவை பெரும்பாலும் ஏர்பஸ் எச்125, பழைய பெயர் ஏஎஸ்350 பி3. ஒற்றை எஞ்சின், பைலட்டோடு சேர்த்து ஆறு பேர். கணக்கு இப்படிப் போகும். கிளம்பும்போது மொத்த எடை 2,250 கிலோவுக்குள் இருக்க வேண்டும். வெறும் வண்டியும் அதில் பொருத்திய சாமான்களும் சுமார் 1,300. பைலட் 80. மிச்சம் 870. டேங்க் நிரம்பினால் 540 லிட்டர், அதாவது 430 கிலோ. ஆக, ஆட்களுக்கு 440 கிலோ. உங்கள் 410-ஓடு ஜாக்கெட், ஷூ, கேமரா பை சேர்த்தால் காத்மாண்டுவிலேயே எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அதுவும் 1,338 மீட்டர் உயரத்தில்.

5,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்தான். ரோட்டர் தள்ளுவதற்குக் காற்று குறைவு, எஞ்சின் எரிப்பதற்கும் காற்று குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் கையை விரிக்கும். அதனால் வழியில் இருக்கும் ஃபெரிச்சே கிராமத்தில் இறக்கி, இரண்டு பேர் மூன்று பேராகப் பிரித்து மேலே கொண்டுபோவார்கள். இதைத்தான் ஷட்டில் என்பது. ஒரு நடைக்கு ஆட்களின் எடை 250 கிலோவைத் தாண்டாமல் பார்ப்பது பொதுவான வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம், அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ப இது இன்னும் குறையும்.

காசு கட்டும் முன் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: "ஷட்டில் எங்கிருந்து, எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை கிலோ?" பதில் தெரியாதவர் வெறும் சீட் விற்பவர்.

கால்நடை | மார்ச் 3, காலை 6.05

பைத்தியம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நடப்பவர், நடை ஆரம்பிக்கும் லுக்லாவிலிருந்து காலா பத்தர் போக எட்டொன்பது நாள் எடுப்பது கால் வலிக்காக அல்ல. நாம்சேயில் ஒரு நாள், டிங்போச்சே அல்லது ஃபெரிச்சேயில் ஒரு நாள் என்று ரத்தம் உயரத்துக்குப் பழக நேரம் கொடுக்கிறார்கள். ஹெலிகாப்டரில் போகிறவருக்கு அந்தப் பழக்கம் சுத்தமாகக் கிடையாது. அதனால்தான் மேலே பத்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்த மாட்டார்கள். நீங்கள் வாங்குவது அந்தப் பத்து நிமிஷம். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சண்டை வராது.

மருந்துச்சீட்டு | மார்ச் 3, மதியம் 1.20

அப்பா விஷயம்.

காலா பத்தரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதி. எச்125 அழுத்தம் கட்டிய கேபின் அல்ல, வெளியே என்னவோ அதுதான் உள்ளேயும். காத்மாண்டுவில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியவர் இரண்டு மணி நேரத்தில் 5,500 மீட்டரில் நிற்பார். மலை நோய் என்று எல்லோரும் பயப்படும் தலைவலி, வாந்தி பொதுவாக மேலே போய் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் நீங்கள் காத்மாண்டுவில் மோமோ சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். இங்கே சிக்கல் உடனடி ஆக்சிஜன் குறைவு. உதடு மரத்துப்போவது, விரல் நுனி நீலம், காரணமில்லாத சிரிப்பு, நடை தள்ளாடுவது. பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது, "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 70களில் காட்டினால் அங்கே அது எதிர்பார்க்கிற எண்தான். விரல் குளிர்ந்திருந்தால் அதைவிடக் குறைத்தும் காட்டும். கையுறைக்குள் சூடு பண்ணிவிட்டுப் பாருங்கள். எண்ணை விட ஆளைப் பாருங்கள்.

போகவே கூடாதவர்கள்: சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், படி ஏறினாலே நெஞ்சு வலிப்பவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் முற்றியவர்கள், நுரையீரல் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கடுமையான ரத்தசோகை, கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள். விழித்திரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வாயு அடைத்திருப்பவர்கள் நிச்சயமாகக் கூடாது. உயரத்தில் அந்த வாயு விரிந்து கண் பார்வையே போகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

சர்க்கரையும் பிரஷரும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது என்பது மட்டுமே தடை ஆகாது. ஆனால் 68 வயதில் இதய மருத்துவர் பார்த்து ஈசிஜியும் எக்கோவும் எடுத்து, "5,500 மீட்டர், அழுத்தம் கட்டாத கேபின்" என்று அவரிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள். "விமானத்தில் போகலாமா" என்று கேட்டால் "போகலாம்" என்றுதான் சொல்வார். விமானத்துக்குள் அழுத்தம் 2,400 மீட்டருக்கு மேல் போக விடுவதில்லை.

கோவைக்கிளி | மார்ச் 3, இரவு 8.00

மலை நோய்க்குக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டு போனால்?

மருந்துச்சீட்டு | மார்ச் 3, இரவு 8.45

பத்து நிமிஷத்துக்கு வேண்டியதில்லை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இன்னொன்று, அது சிறுநீரை அதிகமாக்கும். ஹெலிகாப்டரில் பாத்ரூம் கிடையாது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

காத்தாடி | மார்ச் 4, காலை 7.30

அப்பா பிரச்சினையும் எடைப் பிரச்சினையும் ஒரே இடத்தில் தீரும்.

டிபன் சாப்பிடும் ஹோட்டல் சியாங்போச்சேயில் இருக்கிறது. ஹோட்டல் எவரெஸ்ட் வியூ, 3,880 மீட்டர், ஜப்பானியர் முயற்சியில் 1971-இல் திறந்தது. அங்கே மொட்டைமாடியில் உட்கார்ந்தால் எவரெஸ்ட், லோட்சே, அமா டப்லம் மூன்றும் தெரியும். உண்மையைச் சொன்னால் அமா டப்லம்தான் அங்கே கதாநாயகன். எவரெஸ்ட், நுப்சே-லோட்சே முகட்டுக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டும்.

வழக்கமான வரிசையில் காலா பத்தர் முதலில், திரும்பும்போது ஹோட்டல். அதை மாற்றி, போகும்போதே அப்பாவையும் துணைக்கு ஒருவரையும் ஹோட்டலில் இறக்கச் சொல்லுங்கள். மேலே போகிறவர்கள் மூன்று பேர். சராசரிப்படி 246 கிலோ, ஜாக்கெட்டோடு 250-ஐத் தாண்டும். பைலட் சரி என்றால் ஒரே நடை, இல்லையென்றால் இரண்டு. கூடுதல் இறங்கலுக்கும் எரிபொருளுக்கும் காசு கேட்கலாம். முன்பதிவு செய்யும்போதே எழுதி வாங்குங்கள், அன்று காலை விமான நிலையத்தில் நின்றுகொண்டு கேட்டால் நடக்காது.

ஃபெரிச்சேயில் அப்பாவை உட்கார வைத்துவிட்டுப் போகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அதுவே 4,371 மீட்டர், பள்ளத்தாக்கில் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973-இல் ஆரம்பித்த உதவி மையம் அங்கே இருக்கிறது என்பது ஆறுதல், ஆனால் நோயாளியாகப் போவதற்காக யாரும் டூர் போவதில்லை.

ஃபிலிம்சுருள் | மார்ச் 4, இரவு 10.10

காத்தாடி படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார்.

காலா பத்தரிலிருந்து எவரெஸ்ட் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் அதன் பின்பக்கத்திலிருந்து வருகிறது. நீங்கள் இறங்கும் நேரத்தில் எவரெஸ்ட்டின் இந்தப் பக்கம் நிழலில் இருக்கும். டூர் விளம்பரங்களில் தங்க நிறத்தில் மின்னுகிற எவரெஸ்ட் மாலை வெளிச்சத்தில், நடந்து போனவர் எடுத்தது. மாலையில் டூர் ஹெலிகாப்டர் கிடையாது. ஆகவே அந்தப் படம் உங்களுக்குக் கிடைக்காது, முதலிலேயே மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். சூரியனை உச்சிக்குப் பின்னால் மறைத்து, விளிம்பில் வெளிச்சம் வழிகிற மாதிரி எடுங்கள். அல்லது திரும்பி நின்று புமோரியை எடுங்கள். 7,161 மீட்டர், காலை வெயில் முழுதும் அதன் முகத்தில்தான்.

இன்னொரு ஏமாற்றம்: அங்கிருந்து பார்த்தால் நுப்சேதான் பெரிதாகத் தெரியும். 7,861 மீட்டர்தான், ஆனால் பக்கத்தில் நிற்கிறது. 8,848.86 மீட்டர் எவரெஸ்ட் அதன் தோளுக்குப் பின்னால் கறுப்பு முக்கோணமாக இருக்கும். நுப்சேயைக் காட்டி "எவரெஸ்ட்" என்று போட்ட படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன.

பறக்கும்போது: ஷட்டர் 1/1000க்குக் கீழே வேண்டாம். லென்ஸைக் கண்ணாடியில் சாய்க்காதீர்கள், அதிர்வு முழுக்கப் படத்தில் இறங்கும். ஒரு விரல் இடைவெளி விடுங்கள். போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வையுங்கள், ஜன்னல் பிளாஸ்டிக் வழியே எடுத்தால் வானவில் பட்டைகள் விழும். கறுப்புச் சட்டை போடுங்கள். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டால் ஒவ்வொரு படத்திலும் ஜன்னலில் நீங்களே தெரிவீர்கள்.

கோவைக்கிளி | மார்ச் 5, காலை 9.15

எந்தப் பக்க சீட் கேட்பது?

காத்தாடி | மார்ச் 5, காலை 9.50

போகும்போது இடது, வரும்போது வலது. காத்மாண்டுவிலிருந்து கிழக்கே பறக்கிறீர்கள், பனிமலைத் தொடர் வடக்கே. எச்125-இல் பைலட் உட்காருவது முன் வலது. ஆகவே முன் இடது சீட்தான் ராஜ சீட். சில வண்டிகளில் அங்கே இரண்டு பேர் உட்காரும் சீட் இருக்கும்.

ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். எடைச் சமநிலை பார்த்து யார் எங்கே என்று பைலட் சொல்வார். ஒவ்வொரு இறங்கலிலும் இடம் மாற்றச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பின் வரிசை நடு சீட்டுக்காரருக்குத்தான் இதில் நியாயம் வேண்டும்.

கால்நடை | மார்ச் 5, மாலை 5.30

ஒரு திருத்தம். காலா பத்தர் 5,500 என்று மேலே இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பலகைகளிலும் வரைபடங்களிலும் 5,545, 5,644 என்று இரண்டு எண் ஓடுகின்றன. நடப்பவர்கள் கொடிகள் கட்டிய உச்சி வரை ஏறுகிறார்கள். ஹெலிகாப்டர் இறங்குவது அதற்குக் கீழே, கொஞ்சம் சமமான இடத்தில். ஆகவே "காலா பத்தர் ஏறினேன்" என்று சான்றிதழ் அச்சடிக்க வேண்டாம்.

காத்தாடி | மார்ச் 5, மாலை 6.20

ஏற்கிறேன். கணக்குக்கு 5,500 போதும், சான்றிதழுக்குக் கால்நடையைக் கேளுங்கள்.

சுண்டல் | மார்ச் 6, இரவு 11.55

2005-இல் ஒருத்தர் எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகாப்டரை இறக்கினார் என்று படித்தேன். அதே மாடல்தானே? அப்புறம் என்ன 250 கிலோ, ஷட்டில் என்று கதை?

காத்தாடி | மார்ச் 7, காலை 7.10

அதே குடும்பம்தான். மே 14, 2005, டிடியே டெல்சாலே, ஏஎஸ்350 பி3. உச்சியில் 3 நிமிடம் 50 விநாடி. அவர் தயாரிப்பு நிறுவனத்தின் சோதனை பைலட். பயணிகள் சீட் உட்பட வேண்டாததைக் கழற்றி எடையைக் குறைத்து, தனி ஆளாகப் போனார். காற்று மேலே தள்ளும் பக்கமாகப் பார்த்து ஏறினார். கடைகளில் விற்கிற வண்டியின் அனுமதிக்கப்பட்ட பறக்கும் உயரம் 7,010 மீட்டர்.

ஆக, அந்தச் சாதனை எங்கள் கணக்கைப் பொய்யாக்கவில்லை. பயணி பூஜ்யம் என்றால் 8,848, பயணி மூன்று என்றால் 5,500. எடைதான் உயரம்.

காத்தாடி | மார்ச் 7, இரவு 9.00

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க, இறங்கும்போது என்ன செய்வது என்று. எடைக்கு அடுத்து இதில்தான் ஆபத்து.

காலா பத்தரில் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அந்த உயரத்துக் குளிரில் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே தலைக்கு மேல் 10.7 மீட்டர் வட்டத்தில் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போதே இறங்குகிறீர்கள்.

கிரவுண்ட் ஸ்டாஃப் கதவைத் திறக்கும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள், ஹெட்செட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்குங்கள். முதுகை வளைத்து, பைலட் பார்க்கிற முன்பக்கமாகவே விலகுங்கள். வால் பக்கம் ஒரு அடி கூட வேண்டாம், பின் ரோட்டர் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. சரிவான இடம் என்றால் எப்போதும் பள்ளத்துப் பக்கமாக இறங்கி விலகுங்கள். மேட்டுப் பக்கம் தரைக்கும் பிளேடுக்கும் இடைவெளி குறைவு. இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை, மேடு ஏறித்தான் நல்ல காட்சி என்று அந்தப் பக்கமே ஓடுவார்கள்.

செல்ஃபி ஸ்டிக் மடக்கிய நிலையில், இடுப்புக்குக் கீழே, கிடைமட்டமாக. தொப்பியைக் கையில் பிடியுங்கள். சேலை, துப்பட்டா, சால்வை வேண்டாம். ரோட்டர் காற்றில் முந்தானை எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. புடவையில்தான் படம் வேண்டும் என்றால் ஹோட்டலில் எடுங்கள், அங்கே எஞ்சின் அணைத்த பிறகுதான் சுற்றி வருவீர்கள்.

கிளம்பிப் போகும் ஹெலிகாப்டரும் ஊதும். முதல் நடையில் இறங்கியவர்கள் பையைக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பொடிக்கல்லும் பனித்தூளும் கண்ணில் அடிக்கும். கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், வெயிலுக்கு மட்டும் அல்ல.

ஓடாதீர்கள். குதித்துக் குதித்துப் படம் எடுக்காதீர்கள். அந்த உயரத்தில் பத்துப் படி ஓடினால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஃபிலிம்சுருள் | மார்ச் 8, காலை 8.00

குதிக்கிற படம் கேட்கிற மனைவிமார்களுக்கு இந்தக் குறிப்பை அனுப்பிவைக்கவும்.

சுண்டல் | மார்ச் 8, காலை 8.12

எங்கள் வீட்டில் கேட்பது நான்தான்.

கோவைக்கிளி | மார்ச் 9, இரவு 7.40

குளிர் எவ்வளவு இருக்கும்? ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்குமா?

கால்நடை | மார்ச் 9, இரவு 9.05

1,000 மீட்டருக்கு சுமார் ஆறரை டிகிரி குறையும். காத்மாண்டுவில் காலை 15 டிகிரி என்றால் மேலே மைனஸ் 12 பக்கம். அதோடு ரோட்டர் காற்று. காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் டவுன் ஜாக்கெட் நாள் வாடகைக்குத் தாராளமாகக் கிடைக்கும். கையுறை, காது மூடும் தொப்பி, கணுக்கால் ஏறும் ஷூ. இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் பேனாவை உள்சட்டைப் பையில் வையுங்கள், உறைந்தால் வீணாகிவிடும். போன் பேட்டரியும் அப்படித்தான், வெளியே வைத்தால் 60 சதவீதத்தில் அணைந்துவிடும்.

காத்தாடி | மார்ச் 12, காலை 6.45

வானிலை, பணம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் சண்டை இந்த இரண்டின் நடுவில்தான் வருகிறது.

இந்தப் பறத்தல் முழுக்கக் கண்ணால் பார்த்துப் பறப்பது. பைலட்டுக்கு எதிர்மலை தெரிய வேண்டும். காத்மாண்டுவில் நீல வானமாக இருந்தாலும் வழியில் லம்ஜுரா கணவாயை மேகம் அடைத்துக்கொண்டிருந்தால் போக முடியாது. 3,530 மீட்டர் கணவாய் அது. லுக்லாவுக்குப் போகும் வழியில் கழுத்தைப் பிடிக்கிற இடம். டிசம்பர், ஜனவரியில் மேலே பளிச்சென்று இருக்கும், காத்மாண்டு ஓடுதளத்தில் மூடுபனி விழுந்து 9 மணி வரை எதுவும் எழும்பாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. 2023 ஜூலை 11 அன்று எவரெஸ்ட் பகுதியிலிருந்து காத்மாண்டு திரும்பிய ஒரு ஹெலிகாப்டர் இந்த லம்ஜுரா பகுதியில்தான் மோதி, மெக்சிகோ பயணிகள் 5 பேரும் பைலட்டும் இறந்தார்கள். அதன் பிறகு மழைக்காலம் முடியும்வரை அவசியமில்லாத ஹெலிகாப்டர் பறத்தல்களை நேபாள விமானப் போக்குவரத்து ஆணையம் நிறுத்திவைத்தது. மலை காட்டும் டூர், கயிற்றில் தொங்கவிட்டுச் சுமை கொண்டுபோவது, பூத் தூவுவது எல்லாம் அதில் அடக்கம். "மழைக்காலத்தில் பாதி விலை" என்று யாராவது சொன்னால் ஏன் பாதி விலை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நல்ல மாதங்கள் அக்டோபர், நவம்பர். அடுத்து மார்ச் பாதியிலிருந்து மே. மேயில் மதியத்துக்கு முன்பே மேகம் ஏறிவிடும். எந்த மாதமானாலும் 10 மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று எழும். 9.30க்குக் கிளம்பலாம் என்று சொல்பவரிடம் "ஏன் முதல் நடை இல்லை" என்று கேளுங்கள்.

பணத்துக்கு வருவோம். கிளம்பவே இல்லை என்றால் முழுப் பணம் அல்லது அடுத்த நாள். இதில் தகராறு குறைவு. லுக்லா வரை போய், மேகத்தால் திரும்பினால்? ஃபெரிச்சே வரை போய் காலா பத்தரில் இறங்க முடியாமல் வட்டம் மட்டும் அடித்துத் திரும்பினால்? முதல் நடை போய்விட்டது, இரண்டாவது நடைக்குள் காற்று எழுந்து நிறுத்திவிட்டார்கள் என்றால்? இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். "வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்ற ஒரு வரியில் மூன்றையும் முடித்துவிடுவார்கள்.

கடைசி நிலைமைதான் மோசம். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்து, மூன்று பேர் பார்க்காமல் காத்மாண்டு திரும்புவது. அந்த டிபன் மேஜையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனால் முதல் நடையில் யார் என்று முந்தின இரவே வீட்டில் முடிவு செய்யுங்கள்.

திரும்பும் விமானத்தை அதே நாளில் போடவே கூடாது. இரண்டு நாள் கையில் இருக்கட்டும்.

கோவைக்கிளி | மார்ச் 12, இரவு 8.30

ஏஜென்ட்டிடம் ஷட்டில் கேள்வியைக் கேட்டேன். "சார், அதெல்லாம் பைலட் பார்த்துக்குவார்" என்றார். எந்த நிறுவனத்தின் ஹெலிகாப்டர் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

காத்தாடி | மார்ச் 12, இரவு 9.10

அப்படியென்றால் அவரிடம் ஹெலிகாப்டரும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அன்றைக்கு எங்கே சீட் காலியோ அங்கே உங்களை ஏற்றிவிடுவார். உங்கள் ஐந்து பேரை இரண்டு ஹெலிகாப்டரில் பிரித்தாலும் ஆச்சரியம் இல்லை. உங்களுக்கு அஞ்சு பேர் இருக்கிறார்கள், முழு ஹெலிகாப்டரையும் பேசுங்கள். ஆளுக்கு 1,200 கொடுப்பதும் அதுவும் ஏறக்குறைய ஒரே தொகையில் வந்து நிற்கும். வரிசையை மாற்றச் சொல்லும் உரிமையும் கிடைக்கும்.

பறக்கும் நிறுவனத்தின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பல பாலிசிகளில் உயர வரம்பு இருக்கும், சிலவற்றில் அட்டவணைப்படி பறக்கும் விமானம் மட்டும் என்று இருக்கும். சார்ட்டர் ஹெலிகாப்டர் அதில் வராது. நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தும் 2013 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அதனால் ஐரோப்பாவில் எடுத்த பாலிசி என்றால் இன்னும் ஒருமுறை படியுங்கள்.

கால்நடை | மார்ச் 15, காலை 5.50

யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். எவரெஸ்ட் அடிவாரப் பகுதியான கும்புவில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அங்கே உள்ள சாகர்மாதா (எவரெஸ்ட்டின் நேபாளப் பெயர்) தேசியப் பூங்கா 1976-இல் அமைந்தது, 1979 முதல் உலகப் பாரம்பரிய இடம். காலையில் ஆறரை மணிக்கு ஆரம்பித்தால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கழுதையும் யாக்கும் மிரளும். 2025 ஜனவரி 1 முதல் பூங்கா நிர்வாகம் வணிக ஹெலிகாப்டர்களை நிறுத்தச் சொல்லி அறிவித்தது. உள்ளூர் இளைஞர்கள் இறங்குதளங்களில் கொடி நட்டு மறித்தார்கள். நிறுவனங்களும் அந்தப் பக்கம் பறப்பதை நிறுத்தின. நடப்பவர்கள் குறைந்தால் லாட்ஜும் டீக்கடையும் சுமைதூக்குபவரும் பட்டினி என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. பிறகு பேசி, பறத்தல் திரும்பியது.

கோவைக்கிளிக்கு இதனால் என்ன? இறங்கலாமா கூடாதா என்ற விதி திடீரென்று மாறும். "காலா பத்தரில் இறங்கத் தடை வந்தால் விலை எவ்வளவு குறையும்" என்பதையும் அந்த மின்னஞ்சலில் சேருங்கள்.

காத்தாடி | மார்ச் 15, காலை 8.30

நாலாவது நிலைமை. இதை நான் எழுதிய மூன்றோடு சேர்த்துக்கொள்ளவும்.

சுண்டல் | மார்ச் 20, இரவு 10.30

அவ்வளவு கஷ்டம் என்றால் காத்மாண்டுவில் ஒரு மணி நேர மவுண்டன் ஃபிளைட் இருக்கிறதே, விமானத்தில்?

மருந்துச்சீட்டு | மார்ச் 21, காலை 7.00

அப்பாவுக்கு அதுதான் என் ஓட்டு. கேபினில் அழுத்தம் உண்டு, எல்லோருக்கும் ஜன்னல் சீட், விலையும் பல மடங்கு குறைவு. மலையின் கண் மட்டத்தில் பறக்கும். இறங்குவது, கல்லைத் தொடுவது இல்லை. போகும்போது ஒரு பக்கத்தார், வரும்போது மறுபக்கத்தார் பார்ப்பார்கள்.

மாமி | மார்ச் 28, மாலை 4.15

முக்திநாத்துக்கு ஹெலிகாப்டரில் கூட்டிப்போகிறார்களே, அதற்கும் இந்தக் கணக்குதானா? எங்கள் யாத்திரைக் குழுவில் எல்லாரும் 60க்கு மேல்.

காத்தாடி | மார்ச் 28, இரவு 9.20

மாமி, அது இதைவிட எளிது. முக்திநாத் சுமார் 3,700 மீட்டர், காலா பத்தரை விட 1,800 மீட்டர் கீழே. ஷட்டில் பிரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பொக்ராவிலிருந்து காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியாகப் போகும், ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தௌலாகிரி. அங்கே எதிரி மேகத்தைவிடக் காற்று. முற்பகலிலேயே ஜோம்சோம் பக்கம் காற்று வெறி பிடித்தது மாதிரி எழும். ஏழு மணிக்குக் கிளம்பி பத்துக்குள் பொக்ரா திரும்புகிற திட்டமாக இருக்க வேண்டும்.

இறங்குதளத்திலிருந்து கோயிலுக்கு ஏறிப் போக வேண்டியிருக்கும். அந்த ஏற்றம்தான் பலருக்கு மூச்சு வாங்கும் இடம். 108 தாரையில் நனைந்துவிட்டு ஈரத்தோடு ஹெலிகாப்டருக்கு ஓடிவருகிறார்கள். மாற்றுத்துணி, துண்டு கையிலேயே இருக்கட்டும். எத்தனை நேரம் ஹெலிகாப்டர் காத்திருக்கும் என்று முதலில் கேளுங்கள், சில நிறுவனங்கள் முக்கால் மணிதான் தரும். தரிசனத்துக்குப் போதாது.

மாமி | மார்ச் 29, காலை 6.10

துண்டு நல்ல யோசனை. குழுத்தலைவர் சொல்லவே இல்லை.

கோவைக்கிளி | ஏப்ரல் 6, இரவு 9.00

முழு ஹெலிகாப்டர் பேசியாகிவிட்டது, வேறு இடத்தில். அப்பாவும் அம்மாவும் சியாங்போச்சேயில் இறங்கிக்கொள்வார்கள், நாங்கள் மூன்று பேர் மேலே. நான்கு நிலைமைக்கும் பதில் மின்னஞ்சலில் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: அனுமதிக் கட்டணம் டூரில் சேரவில்லை என்கிறார்கள். எவ்வளவு? ஆதார் போதுமா?

கால்நடை | ஏப்ரல் 6, இரவு 10.20

தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டவர் 3,000 நேபாள ரூபாய். இந்தியா உட்பட்ட சார்க் நாட்டவர் 1,500, அதாவது நம் பணத்தில் 940 ரூபாய் பக்கம். உங்களிடம் 3,000 கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பாதியாக்குங்கள். உள்ளூராட்சிக் கட்டணம் தனி. ஹோட்டல் டிபனும் தனி.

விமானத்தில் நேபாளம் போக ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. 65 வயதைத் தாண்டியதால் உங்கள் அப்பாவுக்கு மட்டும் வேறு புகைப்பட அடையாளம் போதும், இருந்தாலும் பாஸ்போர்ட் இருந்தால் அதையே எடுத்துப் போங்கள், கவுன்ட்டரில் நின்று விதி விளக்குகிற வேலை மிச்சம்.